உழைப்பு நம்முடையது, பெயர் யாருடையது?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் வீட்டு வாயிலில் செய்தித்தாளை விரித்து அமர்ந்திருந்த வேளையில், நம் சங்கத்து அன்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழம். பழம் வந்தால் பின்னால் ஒரு விண்ணப்பமும் வரும் என்பதை ரயில்வே உத்தியோகம் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது. ஆயினும் அவரை வரவேற்று, காப்பி கொடுத்து, வந்த காரியம் யாதென வினவினோம்.

அவர் ஐம்பதை நெருங்கியவர். அவருடைய தந்தையார் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு தையல் இயந்திரத்தோடு மைசூருக்குப் பிழைக்க வந்தவர். மகனோ இன்று நான்கு இயந்திரங்களும் ஆறு ஆட்களும் கொண்ட சிறு பட்டறைக்கு உரியவர். பஸ், வேன் இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைப்பது தொழில். அவருடைய இல்லத்தரசியாரே துணி வெட்டுவதும் கணக்குப் பார்ப்பதும்.

"தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்கள். நம் பட்டறைக்கு ஒரு கண்டிராக்ட் வாங்கித் தரக் கூடாதா? பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சிபாரிசாகச் சொன்னால் போதுமே" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து அன்று, நம் நிலையை எண்ணி. நாம் ஒரு குமாஸ்தா. நம் மேசைக்கு வருவன விடுப்பு விண்ணப்பங்களும் பயணப்படிப் பில்களுமே. டெண்டர் என்பது நம் அறைக் கதவை எட்டிப் பார்ப்பதும் இல்லை. பார்த்தாலும் அதுபற்றி ஒரு வார்த்தை சொல்வது குற்றம். இதனை விளக்கிச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. பின்னர் மெல்லத் தம் மனக்குறையை அவிழ்த்தார்.

பொதுமக்கள் பயணம் செய்யும் பஸ்களுக்கு அவர் முன்னரே வேலை செய்தவர்தாம். ஒரு பெரிய கண்டிராக்டர் வேலையை எடுத்தார். அவரிடமிருந்து இன்னொருவர் பெற்றார். அவரிடமிருந்து நம் அன்பருக்கு வந்தது. 400 இருக்கைகள். தைத்துக் கொடுத்து ஏழு மாதங்கள் கடந்தும் 1,80,000 ரூபாய் நிலுவை. "எழுத்தில் ஏதேனும் உண்டா, அண்ணா?" என்று கேட்டோம். பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். தேதியும் எண்ணிக்கையும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. ஆர்டர் இல்லை, பில் இல்லை, பொருளைப் பெற்றுக்கொண்டவர் கையொப்பமும் இல்லை.

அந்த இருக்கைகளில் நாள்தோறும் எத்தனையோ பேர் அமர்ந்து செல்கின்றனர். அவற்றைத் தைத்தவர் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அன்று அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தது முதல் இவ்விஷயத்தை நம் பத்தியில் எழுதவேண்டும் என்னும் எண்ணம் இருந்து வந்தது. நாம் பத்தாவது தேறியவரேயன்றிச் சட்டம் பயின்றவர் அல்லர். ஆயினும் அரசு வெளியிட்ட ஆணைகளைப் பொறுமையுடன் படித்தறிய முடிந்தது. அறிந்ததைப் பகிர்ந்துகொள்வோம்.

முதலில் சிபாரிசு என்பதை எடுத்துக்கொள்வோம். நம் அன்பர் கேட்டு வந்த சிபாரிசைச் சட்டமே முன்னதாகச் செய்து வைத்திருக்கின்றது. மத்திய அரசு 2012ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டுக் குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ரயில்வேயும் இதில் அடக்கம். இவை ஓராண்டில் வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் ஒரு பங்கு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்படவேண்டும். அப்பங்கு தொடக்கத்தில் 20 விழுக்காடு. 2018ஆம் ஆண்டில் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள்ளேயே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் வகுக்கப்பட்டுள்ளன. மேலும் 358 வகைப் பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்கவேண்டும் என்றும் அக்கொள்கை ஒதுக்கியது.

குறு நிறுவனம் என்றால் யார்? 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதது குறு நிறுவனம். முதலீடு 25 கோடியும் விற்றுமுதல் 100 கோடியும் மேற்படாதது சிறு நிறுவனம். நான்கு தையல் இயந்திரமுள்ள பட்டறை இவ்வெல்லைக்குள் எத்தனை முறை அடங்கும் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளலாம்.

இவ்வாறு பதிவு பெற்றவர் டெண்டர் படிவத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. டெண்டருடன் கட்டவேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. பெரிய நிறுவனத்துக்கு இத்தொகை பெட்டியில் கிடக்கும் பணம். நம்மவருக்கோ அது அம்மாதத்து ஆட்கூலி. ஆகையால் இச்சலுகை சிறிதன்று.

மூன்றாவது சலுகையே பலர் அறியாதது. உதாரணமாக 1,000 இருக்கை உறைகளுக்கு டெண்டர் கோரப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய நிறுவனம் உறை ஒன்றுக்கு 100 ரூபாய் என்று எல்லாரினும் குறைந்த விலை குறிக்கின்றது. நம் அன்பர் 112 ரூபாய் குறிக்கின்றார். வழக்கமாக அவர் தோற்றவர். ஆனால் இக்கொள்கையின்படி, குறைந்த விலைக்கு மேல் 15 விழுக்காட்டுக்குள் குறித்த குறு, சிறு நிறுவனத்தை அழைத்து, "நீர் 100 ரூபாய்க்குத் தர இசைவீரா?" என்று கேட்கவேண்டும். அவர் இசைந்தால் மொத்த அளவில் குறைந்தது கால்பங்கு, அதாவது 250 உறைகள், அவருக்கு அளிக்கப்படும். பிரித்துக் கொடுக்க இயலாத பொருளாயின் முழுவதையுமே அளிக்கவும் இடமுண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: 100 ரூபாய்க்குத் தைத்தால் கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்த்த பின்னரே தலையசைக்க வேண்டும். வெற்றி பெற்ற டெண்டரால் வீடு அடைமானம் போன கதைகளும் உண்டு.

இனி வரம்புகளைச் சொல்வோம். நல்லதை மட்டும் சொல்லிக் கெட்டதை மறைப்பது நண்பர்க்கு அழகன்று.

இச்சலுகைகள் பொருளைத் தாமே செய்பவருக்கும் சேவை புரிபவருக்கும் உரியன. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இல்லை. 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் வியாபாரிகளும் பதிவு பெறலாம் என்றாயிற்று. எனினும் அது வங்கிக் கடனுக்கான முன்னுரிமை மட்டுமே. ஆதலால் பதிவின்போது தொழிலின் வகையைச் சரியாகக் குறிப்பது மிக முக்கியம். தைப்பவர் 'ரெக்ஸின் வியாபாரம்' என்று குறித்துவிட்டால் சலுகைகள் கைநழுவிப் போகும்.

கட்டட வேலை, பாதை வேலை போன்ற கட்டுமான ஒப்பந்தங்களும் இக்கொள்கையில் சேரா. முன்வைப்புத் தொகைக்கு விலக்கு உண்டேயன்றி, வேலை கிடைத்த பின் கட்டும் காப்புத் தொகைக்கு விலக்கு இல்லை. தரத்திலும் விலக்கு இல்லை. அசோகபுரத்திலுள்ள ரயில்வே பணிமனையில் பயணிகள் பெட்டிகள் செப்பனிடப்படுவதை நம்மவரில் பலர் அறிவர். அப்பெட்டியின் இருக்கைக்கு எந்தத் துணியையும் எந்த நுரையையும் இட்டுவிட முடியாது. எளிதில் தீப்பற்றாத தரத்தில் அவை இருக்கவேண்டும். உயிர்க் காப்போடு தொடர்புடைய பொருள்கள் பலவற்றை முன்னரே ஆராய்ந்து அங்கீகரிக்கப்பட்டவரிடமிருந்தே ரயில்வே வாங்கும். இக்கண்டிப்பு நம் பிள்ளைகள் அமரும் இருக்கைக்காகத்தான் என்பதை மறவாமல் இருப்போம்.

இன்னொன்று: மாநிலப் போக்குவரத்துக் கழகத்தை இந்த மத்திய ஆணை கட்டுப்படுத்தாது. மைசூர் அரசு 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் 120 பஸ்களுடன் தொடங்கிய போக்குவரத்துத் துறையே 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில் கழகமாயிற்று. இன்று அது கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம். அதன் கொள்முதல் 1999ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடப்பது. ஆகவே ரயில்வே டெண்டருக்கு உள்ள சலுகை பஸ் டெண்டருக்கும் அப்படியே உண்டு என எண்ணி ஏமாறலாகாது. ஒவ்வொரு டெண்டர்த் தாளையும் தனித்தனியே படிக்கவேண்டும்.

ஆனால் மத்தியம், மாநிலம், தனியார் என்னும் வேறுபாடின்றி நம்மவரைக் காக்கும் சட்டம் ஒன்று உண்டு. அது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து மூலம் தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தைத் தாமதிக்கக் கூடாது. தவணை பேசவில்லையெனில் 15 நாட்கள் மட்டுமே. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாகச் சேரும். பணம் வராதவர் மாநிலத்தின் வசதிக்குழுவில் முறையிடலாம். இதற்கென 2017ஆம் ஆண்டு அக்டோபரில் 'சமாதான்' என்னும் மின்தளம் தொடங்கப்பட்டது; மின்வழியில் வீட்டிலிருந்தே மனுச் செய்ய இயலும். 90 நாட்களில் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நாட்கள் நீள்வதும் உண்டு. குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டவேண்டும்.

இச்சட்டத்தின் உரத்தையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வழக்கு ஒன்று நம் அண்டை மாநிலத்தில் எழுந்தது. கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் பஸ் டயர்களைப் புதுப்பிப்பதற்கான ரப்பருக்கு டெண்டர் கோரியது. சில்பி இண்டஸ்ட்ரீஸ் முதலிய நிறுவனங்கள் ரப்பரை வழங்கின. 90 விழுக்காடு பணம் பொருள் சேர்ந்ததும். மீதி 10 விழுக்காடு, டயர் எவ்வாறு உழைத்தது என்னும் இறுதி அறிக்கைக்குப் பின்னர் என்பது ஏற்பாடு. அந்தப் பத்து விழுக்காடே தகராறாகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொழில் செய்பவர் அறிவர்: சிறு பட்டறையின் இலாபம் முழுவதும் பல சமயங்களில் அந்தக் கடைசிப் பத்து விழுக்காட்டிலேதான் உறங்குகின்றது.

2021ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் வந்த தீர்ப்பிலிருந்து நாம் நினைவிற் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, வசதிக்குழு வழியாக நடக்கும் நடுவர் விசாரணைக்கும் காலவரம்புச் சட்டம் பொருந்தும். 'தெரிந்தவர்தானே, தருவார்' என்று ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தால் உரிமை மங்கிப்போகும். இரண்டாவது, உடன் விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கில், ஒப்பந்தமும் வேலையும் முடிந்த பின்னர்ப் பதிவு செய்துகொண்டு, முன்பு செய்த வேலைக்கு இச்சட்டத்தின் பயனைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. பதிவு இல்லாதவரும் குழுவை நாடலாமா என்னும் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மூவர் அமர்வின் ஆய்வுக்கு அனுப்பினர். அறிஞர்கள் ஆராயட்டும். நமக்குப் பாதுகாப்பான வழி ஒன்றே: முதலில் பதிவு, பிறகு வேலை. விதை நெல்லைக் கதிர் முற்றிய பிறகு தேடுவார் உண்டோ?

நோட்டுப் புத்தகத்தோடு வந்த நம் அன்பரிடம் பதிவு இருக்கவில்லை. ஆதலால் இத்தனை வலிமை வாய்ந்த சட்டம் இருந்தும் அவர் அதன் நிழலில் நிற்க இயலவில்லை.

பெரியவர்களின் நிலையையும் சற்றே பார்ப்போம். மத்திய அரசு 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நகரங்களுக்கு 10,000 மின்சார பஸ்கள் ஓடச் செய்யும் 'பி.எம். இ-பஸ் சேவா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு 57,613 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் உதவி 20,000 கோடி. பஸ்ஸை வாங்கி ஓட்டும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர்க் கணக்கில் பணம் தரப்படும். இத்தகைய டெண்டரில் நான்கு இயந்திரப் பட்டறை நேரே போட்டியிட இயலாது என்பது வெளிப்படை. அப்பஸ் நிறுவனங்களும் ஓர் அச்சம் கொண்டிருந்தன: 'பஸ்ஸை ஓட்டிவிட்டுப் பணத்துக்குக் காத்துக் கிடக்க நேருமோ?' என்பதே அது. அதனைப் போக்க 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அரசு ஏற்படுத்தியது. போக்குவரத்துக் கழகம் பணம் தரத் தவறினால் அந்நிதியிலிருந்து தரப்படும்; பின்னர் அது திரும்ப வசூலிக்கப்படும்.

இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பஸ் நின்றுபோனால் அல்லற்படுவோர் நாமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோடிகளை முதலீடு செய்தவருக்கே பணம் வருமா என்னும் அச்சம் இருந்தது. அதற்கு அரசு ஒரு காப்பைத் தந்தது. அதே பஸ்ஸின் இருக்கையைத் தைப்பவர், கண்ணாடி பதிப்பவர், பணிமனையைப் பெருக்குபவர், ஓட்டுநர்களுக்கு உணவு சமைத்துத் தருபவர் ஆகியோருக்கு உள்ள காப்பு 2006ஆம் ஆண்டின் சட்டமே. அந்தக் காப்பு பெயர் உள்ளவருக்குத்தான்.

'பெரிய டெண்டர் நமக்கு எட்டாது. பிறர் கீழேதானே வேலை செய்ய வேண்டியிருக்கிறது' என்று சிலர் கூறலாம். மெய்தான். பிறர் கீழே வேலை செய்வதில் இழிவு ஒன்றும் இல்லை. பெயரில்லாமல் செய்வதில்தான் ஆபத்து. பெரிய கண்டிராக்டரிடம் வேலை பெறும்போதும் நாம் நம் பதிவு எண்ணை அச்சிட்ட பில்லைக் கொடுத்தால், அவரும் 45 நாள் விதிக்கு உட்பட்டவரே. மேலும் 2023–24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி சேர்ந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டியதைச் சட்டத் தவணைக்குள் தராத வாணிகர், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். அதாவது நம் பணத்தைப் பிடித்து வைப்பவருக்கு வரி கூடும். தயவுக்கு இரங்காதவரும் வரிக்கு இரங்குவர்.

முதலுக்குத் தவிப்பவருக்கும் வழிகள் உண்டு. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய முத்ரா கடனின் உச்சவரம்பு 10 லட்சமாக இருந்தது. முன்கடனை ஒழுங்காகத் தீர்த்தவர்க்கு 2024ஆம் ஆண்டில் அது 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. தனியே போட்டியிட முடியாதவர்கள் கூடிப் போட்டியிடவும் இடமுண்டு. 1955ஆம் ஆண்டில் தோன்றிய தேசியச் சிறுதொழில் கழகம், சிறு பட்டறைகள் பலவற்றை ஒன்றுசேர்த்து அவற்றின் சார்பில் தானே டெண்டரில் கலந்துகொள்ளும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கின்றது.

கூடித் தொழில் செய்வது கனவன்று என்பதற்குத் தென் ஆப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரம் சான்று. அங்கு மக்கள் பெரும்பாலும் சிறு டாக்ஸி வேன்களிலேயே பயணம் செய்தனர். 2009ஆம் ஆண்டில் நகராட்சி 'ரேயா வாயா' என்னும் விரைவு பஸ் சேவையைத் தொடங்கியபோது, தம் பிழைப்பு போய்விடும் என்று வேன் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின், அத்தடங்களில் ஓடிய வேன் உரிமையாளர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்த நிறுவனம் 2011ஆம் ஆண்டில் பஸ் ஒப்பந்தத்தை ஏற்றது. ஒருவரால் தாங்க இயலாத பாரத்தைப் பலர் கூடித் தாங்கினர். அங்கும் முதலில் நடந்தது பெயர்ப் பட்டியல் எடுத்ததுதான்: யாருக்கு எந்தத் தடம், யாருக்கு எத்தனை வண்டி என்பதைத் தாளில் நிலைநாட்டாமல் பங்கு பிரிக்க முடியுமா?

நம் அன்பரின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? அன்று நாம் அவருக்குச் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. பி.காம். படிக்கும் அவருடைய மகளை அழைத்து வரச் சொன்னோம். 'உத்யம்' என்னும் அரசு மின்தளத்தில் அந்தப் பெண் ஒரு மணி நேரத்துக்குள் பதிவை முடித்தாள். ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் இவைதாம் தேவைப்பட்டன. கட்டணம் ஒரு காசும் இல்லை. இதற்கு முன்பு ஒரு கடையில் இதே பதிவுக்கு 2,500 ரூபாய் கேட்டார்களாம்! பதிவின் நடுவே அப்பெண் கையை நிறுத்தி, "அப்பா, துணி வெட்டுவதும் கணக்கு எழுதுவதும் அம்மா. பட்டறை யார் பெயரில்?" என்று கேட்டாள். பெண்களுக்குரிய 3 விழுக்காட்டை உத்தேசித்து அவள் கேட்கவில்லை, உள்ளதைக் கேட்டாள். அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அவள் பெயரிலேயே எழுது" என்றார். சலுகைக்காக மனைவியின் பெயரைக் கடன் வாங்கித் தாம் தொழில் நடத்துவோரும் நாட்டில் உண்டு. அது பிழை, பிடிபட்டால் பெரும் துன்பம். இங்கு உழைப்பவர் பெயரே உரியவர் பெயராயிற்று.

பழைய நிலுவை என்னவாயிற்று? நான்கு முறை நடந்து, கண்டிராக்டரிடமிருந்து ஒரு லட்சம் பெற்றனர். மீதி 80,000 ரூபாய்க்கு, "கணக்கு முடிந்தது" என்பதே விடை. கேட்க ஒரு தாளும் இல்லை. அதனை அவர்கள் கைவிட்டனர். அந்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மையாரின் வளையல் அடகு போயிற்று. இதை எழுதும்போது நமக்கு மனம் கனக்கின்றது. ஆனால் மறைத்தால் இப்பத்தியின் பயன் குறையும்.

பின்னர் அவர்கள் 2016ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய 'ஜெம்' என்னும் மின்சந்தையில் பட்டறையைப் பதிந்தனர். முதல் இரண்டு முறை விலை குறித்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் 60 நாற்காலிகளுக்கு உறை தைக்கும் வேலை கிடைத்தது. ரயிலும் அன்று, பஸ்ஸும் அன்று, வெறும் நாற்காலிகள். ஆனால் ஆர்டரில் பட்டறையின் பெயர் இருந்தது. பணம் 27ஆம் நாள் வங்கியில் சேர்ந்தது. பஸ் வேலையை இன்றும் பிறரிடமிருந்துதான் பெறுகின்றனர். இப்போது ஆர்டர் இல்லாமல் ரெக்ஸினில் கத்தரி வைப்பதில்லை. அவ்வாறு கேட்டதனால் ஒரு கண்டிராக்டர் வேலை தராமல் போய்விட்டார், மற்றொருவர் தந்தார்.

நம் சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பத்துடன் இதனை முடிக்கின்றோம். பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நாம் சிறப்புற நடத்தி வருகின்றோம். அவற்றோடு, திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு காலை நம் படிப்பகத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, கல்லூரியில் பயிலும் இளைஞர் இருவர் என ஏற்பாடு செய்யலாகாதா? பட்டறை வைத்திருப்போர், சமையல் கட்டுவோர், வேன் ஓட்டுவோர், துப்புரவு வேலை எடுப்போர் ஆகிய அன்பர்கள் தம் அட்டைகளுடன் வந்து பெயரைப் பதிந்து செல்லட்டும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள டெண்டர்த் தாள்களைப் படித்துப் பொருள் சொல்லவும் அவ்விளைஞர்கள் உதவுவர். மேசைக்கு ஆகும் தேநீர்ச் செலவை நாம் ஏற்கின்றோம்.

வெளியூரில் வந்து வாழும் நாம், பெற்றோர் வைத்த பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலும் குடும்ப அட்டையிலும் பிழையின்றி எழுதுவிக்க எத்தனை பாடுபடுகின்றோம்! நம் உழைப்பின் பெயருக்கும் அவ்வளவு பாடுபட வேண்டாமா?

சென்ற வாரம் அந்த அன்பர் மீண்டும் வந்தார். கையில் பழம் இல்லை. ஒரு பில் புத்தகம் இருந்தது. அச்சுப்பிழை ஏதேனும் உண்டா என்று பார்த்துத் தரச் சொன்னார். மேலே அம்மையாரின் பெயர், கீழே பதிவு எண். பிழை ஒன்றும் இல்லை.